பெண்கள் எடுத்த ஆவணப்படங்களால் எதுவாவது மாறியிருக்கிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பெண் ஆவணப்பட இயக்குநர்கள் சமூகத்தை மாற்றினார்கள் என்று உங்கள் விஷுவல் கம்யூனிகேஷன் பாடத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. எந்தப் படம், எதை, எப்போது மாற்றியது என்று வகுப்பில் கேட்டால் பதில் வரவில்லை. ஒன்றையாவது காட்டுங்கள் என்கிறீர்கள். அதோடு, திண்டுக்கல் பக்கம் மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிப் படம் எடுக்க ஆசை, அதனால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லையென்றால் எதற்கு எடுக்க வேண்டும், எடுப்பதென்றால் எந்தக் கேமரா வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி பரீட்சைக் கேள்வி. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இயக்குநர் இல்லை, எடிட்டர். 2001-லிருந்து வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. கல்யாண வீடியோவில் தொடங்கி, தொண்டு நிறுவனங்களுக்கான படங்கள், அப்புறம் தனி ஆட்கள் கைக்காசு போட்டு எடுத்த ஆவணப்படங்கள். நடுவில் ஒரு பத்து வருடம் ஒரு திரையிடல் குழுவோடு புரொஜக்டர், ஸ்பீக்கர், இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஆகவே படம் எப்படி உருவாகிறது, காட்டும் இடத்தில் என்ன நடக்கிறது, இரண்டும் எனக்குக் கண்ணால் கண்ட விஷயம். சட்டமும் கொள்கையும் எப்படி மாறுகின்றன என்பது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

சட்டமே மாறியதற்கு ஆதாரம் கேட்டால் எல்லோரும் காட்டுவது பாகிஸ்தானின் ஷர்மீன் உபைத் சினாயை. 2015-ல் வந்த அவருடைய ‘எ கேர்ள் இன் தி ரிவர்’ குறும்படம், காதல் கல்யாணம் செய்ததற்காகத் தகப்பனும் சித்தப்பாவும் சுட்டு ஆற்றில் தள்ளிய ஒரு பஞ்சாபி இளம்பெண்ணைப் பற்றியது. அவள் பிழைத்துவிட்டாள். பிழைத்த பிறகுதான் படத்தின் உண்மையான கதை தொடங்குகிறது. அன்றைய பாகிஸ்தான் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ குற்றவாளியை மன்னித்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். கொன்றவனும் குடும்பம், மன்னிப்பவனும் குடும்பம் என்றால் தண்டனை எங்கிருந்து வரும்? உறவும் ஊரும் நெருக்க, அந்தப் பெண்ணும் மன்னிக்க நேரிடுகிறது. 2016 பிப்ரவரியில் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் தன் அலுவலகத்திலேயே இந்தப் படத்தைத் திரையிட வைத்து, சட்டத்தைத் திருத்துவோம் என்றார். அதே மாதக் கடைசியில் ஆஸ்கர் கிடைத்தது. அக்டோபரில் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் சட்டம் நிறைவேறியது. குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று ஆனது. இவ்வளவும் உறுதியான செய்தி.

ஆனால் ‘படம் சட்டத்தை மாற்றியது’ என்று ஒரே வரியில் எழுத எனக்குக் கை வராது. 1999-ல் விவாகரத்து கேட்ட ஒரு பெண்ணை, லாகூரில் ஹினா ஜிலானியின் வழக்கறிஞர் அலுவலகத்துக்குள்ளேயே அவள் குடும்பத்தார் ஆள் வைத்துக் கொன்றார்கள். அன்றிலிருந்து ஹினா ஜிலானியும் அவர் அக்கா அஸ்மா ஜஹாங்கீரும் இன்னும் பலரும் தெருவிலும் நீதிமன்றத்திலும் கத்திக்கொண்டிருந்தார்கள். 2004-ல் ஒரு அரைகுறைத் திருத்தம் வந்தது. 2015-லேயே மேலவை ஒரு மசோதாவை நிறைவேற்றி, அது கீழவையில் தேங்கிப்போனது. 2016 ஜூலையில் சமூக ஊடகத்தில் புகழ் பெற்றிருந்த கந்தீல் பலோச்சை அவர் தம்பியே கழுத்தை நெரித்துக் கொன்றதில் நாடே கொதித்தது. இத்தனையும் சேர்ந்த இடத்தில் படம் ஒரு தள்ளு கொடுத்தது. எத்தனை பங்கு தள்ளியது என்று அளக்கத் தராசு கிடையாது. சட்டம் வந்த பிறகும் கதை முடியவில்லை: கந்தீலின் தம்பிக்கு 2019-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள், 2022-ல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையாகிவிட்டார். நாம் ஆணவக் கொலை என்று சொல்லும் இந்த விஷயத்தில் சட்டப் புத்தகத்துக்கும் சாட்சிக் கூண்டுக்கும் இருக்கும் தூரம் அவ்வளவு.

வேகமாகப் பலித்த படமும் உண்டு. அமெரிக்காவில் கேப்ரியேலா கௌபர்த்வெயிட் 2013-ல் எடுத்த ‘பிளாக்ஃபிஷ்’, நீர்க்காட்சிப் பூங்காவில் அடைத்து வைத்திருக்கும் ஓர்க்கா திமிங்கிலங்களைப் பற்றியது. மூன்றே வருடத்தில், 2016-ல், ஸீவேர்ல்ட் நிறுவனம் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் எளிது: படம் பார்த்தவரும் டிக்கெட் வாங்குபவரும் ஒரே ஆள். அவர் கையில் பணம் இருந்தது, அதைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். சாதி, கூலி, கல்யாணம் போன்ற விஷயங்களில் பார்ப்பவர் கையில் அப்படி ஒரு டிக்கெட் கிடையாது. எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2012-ல் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த நிர்பயா கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பிறகு, அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்து 2013-ல் குற்றவியல் சட்டம் மாறியது. அதை எந்தப் படமும் செய்யவில்லை, தெருவில் இறங்கிய கூட்டம் செய்தது. அதைப் பற்றி லெஸ்லி உட்வின் எடுத்த படம் 2015-ல் வந்தபோது சட்டம் ஏற்கெனவே மாறியாயிற்று. படத்துக்குத் தடைதான் கிடைத்தது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1980-ல் பெங்களூரில் தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் நாலு பேரும் சேர்ந்து ‘யுகாந்தர்’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். நவ்ரோஸைத் தவிர மற்ற மூவரும் பெண்கள். காலத்தைக் கவனியுங்கள்: மதுரா என்ற பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்தில் வைத்துப் பாலியல் வன்முறை செய்த வழக்கில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்து, அதை எதிர்த்து நாலு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் பகிரங்கக் கடிதம் எழுதி, நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஆவணப்படம் என்றாலே சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் அரசு நியூஸ் ரீல்தான் என்று இருந்த நாட்கள். அதில் அணையைக் காட்டுவார்கள், அமைச்சர் நாடா வெட்டுவதைக் காட்டுவார்கள், கனமான ஒரு ஆண் குரல் நமக்கெல்லாம் பாடம் நடத்தும். பீடி, முறுக்கு வாங்க வெளியே போகிறவர்களுக்கு அது நல்ல நேரம்.

யுகாந்தர் மூன்று வருடத்தில் நாலே படம் எடுத்தது. முதல் படம் 1981-ல் வந்த ‘மோல்கரீன்’, புனே நகரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கமானதைப் பற்றியது. அடுத்தது நிப்பாணியில் எடுத்த படம். கர்நாடகத்தின் வட எல்லையில், மகாராஷ்டிரத்தை ஒட்டிய புகையிலை ஊர். அங்கே புகையிலைக் கிடங்குகளில் தூசிக்குள் நின்று வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். படக்குழு அங்கே போய் மாதக்கணக்கில் தங்கியது. எதை எடுப்பது, எந்தச் சம்பவத்தைத் திரும்ப நடித்துக் காட்டுவது என்று தொழிலாளிப் பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. நான் எடிட்டர் கண்ணோடு பார்க்கும்போது அந்தப் படத்தில் இன்றைக்கும் வியப்பது இதுதான்: பாதிக்கப்பட்டவள் கேமராவைப் பார்த்து அழும் வழக்கமான ஷாட் அங்கே கிடையாது. முதலாளியை எப்படிச் சமாளித்தோம், கூட்டத்துக்கு ஆள் எப்படிச் சேர்த்தோம் என்று வேலையைப் பற்றி வேலைக்காரர்கள் பேசும் தொனி. மூன்றாவது படம் ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து செய்த ‘இதி கத மாத்ரமேனா’. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிய, நடித்து எடுத்த படம். நாலாவது ‘சுதேஷா’, மரங்களை வெட்டவிடாமல் காத்த சிப்கோ இயக்கத்தில் இருந்த ஒரு மலைக்கிராமப் பெண்ணைப் பற்றியது.

இவற்றால் எது மாறியது? ‘இதி கத மாத்ரமேனா’ வந்த 1983-ல்தான் கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. ஆஹா என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். வரதட்சணைச் சாவுகளை எதிர்த்து நடந்த பல வருடப் போராட்டத்தின் விளைவு அது, படமும் அதே போராட்டத்தின் பிள்ளை. இரண்டும் கூடப் பிறந்தவை என்று சொல்லலாம், தாயும் பிள்ளையும் என்று சொல்ல முடியாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மகாராஷ்டிரத்தில் நலவாரியச் சட்டம் வந்தது 2008-ல், ‘மோல்கரீன்’ வந்து 27 வருடம் கழித்து. அதற்குள் படத்தில் இருந்த பலர் கிழவிகளாகியிருப்பார்கள். ஆனால் அந்தப் படங்கள் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பெண்கள் அமைப்புகளிலும் 16 எம்எம் புரொஜக்டரில் திரும்பத் திரும்ப ஓடின. ஓர் ஊரில் நடந்ததை இன்னோர் ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். அங்கேதான் எனக்கு விஷயம் இருக்கிறது.

என்ன விஷயம் என்று ஒரு திரையிடலை வைத்துச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில், சங்க அலுவலகத்தின் மொட்டை மாடியில் நிப்பாணிப் படத்தைக் காட்டினோம். நாற்பது பெண்கள் இருப்பார்கள். படத்தின் பேச்சு மராத்தி, எங்களிடம் தமிழ் சப்டைட்டில் இல்லை. குழுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனார், பாதிக்கு மேல் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒருவரும் பேசவில்லை. நான் வழக்கம்போல ‘படம் பிடித்ததா?’ என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: “அவங்க ராத்திரியில கூட்டம் போட்டாங்களே, அப்ப புள்ளைங்கள யாரு பாத்துக்கிட்டா?” அவ்வளவுதான், மாடி முழுக்கப் பேச்சு. மாமியாரிடம் விட்டு வர முடியுமா, கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கே வைத்தால் என்ன, புருஷன் கேட்டால் என்ன சொல்வது என்று பதினொன்றரை வரை ஓடியது. அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சங்கம் கூட்டத்தை ஞாயிறு மதியத்துக்கு மாற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் பாய் விரித்தது. எந்தப் பத்திரிகையிலும் வராத மாற்றம். படம் எடுத்தவர்களுக்கும் தெரியாது. நான் பார்த்த வரையில் ஆவணப்படம் மாற்றும் பெரும்பாலானவை இந்த அளவில்தான் இருக்கும். அதுவும் கூட்டம் போட ஒரு சங்கம் ஏற்கெனவே இருந்ததால் நடந்தது. ஒரு கல்லூரி அரங்கில் அதே படத்தைக் காட்டியபோது கைதட்டல்தான் கிடைத்தது.

தீபா தன்ராஜ் யுகாந்தருக்குப் பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தார். 1991-ல் ‘சம்திங் லைக் எ வார்’, நம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. வேகத்தையும் எண்ணிக்கையையும் பெருமையாகச் சொல்லும் மருத்துவர் ஒரு பக்கம். வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடம்பைத் தாங்களே வரைந்து, ஆசை, பிள்ளை, வலி எல்லாவற்றையும் சிரித்துப் பேசும் பெண்கள் இன்னொரு பக்கம். இலக்கு வைத்துக் கருத்தடை செய்வதை மத்திய அரசு 1996-ல் கைவிட்டதாக அறிவித்தது. 1994-ல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடும், உலகம் முழுக்கப் பெண்கள் உடல்நல இயக்கங்களும் அதற்குக் காரணம். படம் அந்த இயக்கத்தின் கையில் இருந்த ஒரு கருவி, அவ்வளவு சொல்லலாம். ஆனால் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்து, பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 23 வருடத்துக்கு முந்தைய படத்தை அன்று யாராவது போட்டுப் பார்த்திருந்தால் புதுச் செய்திப்படம் என்றே நினைத்திருப்பார்கள். முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016-ல்.

அவருடைய இன்னொரு படம் நம் ஊரில் எடுத்தது, கட்டாயம் பாருங்கள். 2011-ல் வந்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’. புதுக்கோட்டை தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் பற்றியது. வழக்கமான ஜமாஅத்தில் ஆண்கள் உட்கார்ந்து தலாக்கும் ஜீவனாம்சமும் பேசி முடிப்பார்கள், யாருடைய வாழ்க்கையோ அந்தப் பெண்ணுக்கு உள்ளே இடம் கிடையாது. இங்கே பெண்களே மனு வாங்கி, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், தேவையென்றால் காவல் நிலையத்துக்கும் போகிறார்கள். சண்டை, சிரிப்பு, கத்தல் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெண் இயக்குநர் என்பதால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன். அந்தக் கூடத்துக்குள் ஓர் ஆண் குழு கேமராவோடு நுழைந்திருந்தால் அந்தப் பேச்சில் பாதி வந்திருக்காது. அதற்காகப் பெண்ணாகப் பிறந்தாலே கதவு திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சாதியும் படிப்பும் பேசும் தமிழும் கேமராவுக்கு முன்பே வாசலில் போய் நிற்கும். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிய இயக்குநரிடம் யாரும் வாய் திறக்காமல், டீ வாங்கிக் கொடுத்த உதவியாளர் பையனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த ஃபுட்டேஜை நான் வெட்டியிருக்கிறேன்.

‘கக்கூஸ்’ பற்றிச் சொல்லாமல் தமிழில் இந்தப் பதில் முழுமையாகாது. மதுரைக்காரரான திவ்யபாரதி 2017-ல் வெளியிட்டார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-லேயே வந்தது, 2013-ல் இன்னும் கடுமையாக வந்தது, ஆகவே அப்படி ஒரு வேலையே இல்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். படம் ஊர் ஊராகப் போய் அந்த வேலையையும் செய்பவரையும் காட்டியது. பல இடங்களில் திரையிடப் போலீஸ் அனுமதி மறுத்தது. யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். வழக்கும் மிரட்டல் அழைப்பும் வந்தன. 2017 ஜூலையில், மாணவராக இருந்தபோது 2009-ல் கலந்துகொண்ட ஒரு போராட்டத்தின் வழக்கைத் தூசி தட்டி எடுத்துக் கைது செய்தார்கள். மாறியது என்ன? கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-ல், படத்துக்கு முன்பு. அது 30 லட்சமானது 2023-ல், வேறு ஒரு வழக்கில். சாவு நிற்கவில்லை. ஆனாலும் ‘எங்கள் மாவட்டத்தில் இல்லை’ என்ற பொய்யைச் சொல்வது முன்பு போல எளிதாக இல்லை. இது என் கணிப்பு, நிரூபிக்கச் சொன்னால் முடியாது. திவ்யபாரதி வெளியிலிருந்து வந்தவர் இல்லை என்பதும் முக்கியம். கட்சி வேலையில் இருந்தவர், மதுரையில் குழியில் இறந்தவர்களுக்காக நடந்த போராட்டத்திலிருந்துதான் அந்தப் படமே பிறந்தது.

இதுவரை சொன்னதில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன்: படத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் படம் என்ன செய்கிறது. ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ பத்திரிகையைப் பற்றிய படம். 2022-ல் விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பத்திரிகையே ஓர் அறிக்கை விட்டது: படம் மனதைத் தொடுகிறது, ஆனால் நாங்கள் ஒரே கட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் போலக் காட்டியிருப்பது சரியில்லை என்று. எடுத்தவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து வருட ஃபுட்டேஜை ஒன்றரை மணி நேரமாக்கும்போது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார், மறுநாள் காலையில் அதே ஊரில் கதவைத் திறந்து வெளியே வரவேண்டியவர் இன்னொருவர்.

என் கையாலேயே ஒரு தப்பு நடந்திருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகச் செய்த படம், ஊர் பெயர் வேண்டாம். ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், சூப்பர்வைசர் செய்ததையெல்லாம் நாலு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறாள். முகம் காட்டவில்லை, பின்னாலிருந்து எடுத்தது. பேசும்போது அவள் கை மட்டும் திரையில் அசைந்துகொண்டிருக்கும். இயக்குநர் அந்தக் கையையும் எடுத்துவிடலாமா என்று தயங்கினார். நான்தான் வேண்டாம், இந்தக் கைதான் படமே என்று அடித்துச் சொன்னேன். அந்தக் கையில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு தீத்தழும்பு இருந்தது. படம் யூடியூபுக்குப் போய் இரண்டாவது வாரம் ஆலையில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலை போனது. வேலை போனதைவிட, விடுதியில் கூட இருந்தவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தியதுதான் அவளுக்குப் பெரிய அடி என்று பிறகு தெரிந்தது. அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் எங்களிடம் பத்திரமாக இருந்தது. அதை வைத்து என்ன செய்ய?

அமெரிக்காவில் பார்பரா காப்பிள் 1970-களில் கென்டக்கி நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் படம் எடுத்தபோது, கேமரா அங்கே நிற்பதே அடியாட்களைக் கொஞ்சம் அடக்கி வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். நீங்கள் சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அந்தப் பெண் இரவு அதே விடுதியில் படுக்க வேண்டும். கேட்டின் சாவி வார்டனிடம் இருக்கும்.

ஆகவே உங்கள் படத்துக்கு வருகிறேன். கேமராவை எடுப்பதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பெண்களை அழைத்து வந்த சுமங்கலித் திட்டத்தை எதிர்த்துப் பல வருடமாகப் போராடியவர்கள் உங்கள் மாவட்டத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறார்கள். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஓர் ஆடை ஆலைத் தொழிலாளிப் பெண் கொலையான பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிறுவனத்தையும் வெளிநாட்டு பிராண்டையும் உட்கார வைத்து, பாலியல் தொல்லையை எதிர்க்கும் ஒப்பந்தம் போட வைத்தது. ஒரு படமும் இல்லாமல் நடந்த காரியம். இப்படி ஒரு சங்கத்திடம் போய், ‘உங்களுக்குப் படம் ஏதாவது உதவுமா, உதவினால் எது மாதிரி?’ என்று கேளுங்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்லும் பத்து நிமிட வீடியோதான் வேண்டும் என்பார்கள். உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அதைச் செய்து கொடுங்கள். அதைச் செய்யும் ஆறு மாதத்தில் உங்கள் படம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அவர்களுக்கும் நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். எடுக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எடுக்காதீர்கள், அதுவும் ஒரு பதில்தான்.

எடுத்தால், ஒப்புதலை மூன்று தடவை கேளுங்கள்: எடுப்பதற்கு முன், ரஃப் கட் (முழுதாக முடிக்காத முதல் வெட்டு) காட்டியபின், யூடியூபில் போடுவதற்கு முந்தின நாள். ரஃப் கட்டை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள், அப்புறம் விழாவுக்கு அனுப்புங்கள். தழும்பு, வளையல், பெட்டியின் நிறம், குரல், இதில் எது ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்று அந்தந்தப் பெண்ணையே உட்கார வைத்துச் சரிபாருங்கள். அவளுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. பொதுவில் திரையிடச் சென்சார் சான்றிதழ் ஆவணப்படத்துக்கும் தேவை என்பதை மறக்காதீர்கள். 2004 மும்பைத் திரைப்பட விழாவுக்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் அதைக் கேட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள், பிறகு பல படங்களைத் தேர்விலேயே தள்ளிவிட்டார்கள்; அதனால்தான் இயக்குநர்கள் ‘விகல்ப்’ என்று தனி விழாவே நடத்தினார்கள். அந்தச் சண்டையின் வரலாற்றையும் தேடிப் படியுங்கள்.

கேமரா வாங்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போன் போதும். மில்லைச் சுற்றி ஸ்பிண்டில் சத்தம் எப்போதும் இருக்கும், விடுதியில் பேசுகிறவர்கள் காதோடு காதாகத்தான் பேசுவார்கள். இருக்கிற காசுக்கு ஒரு நல்ல காலர் மைக்கும், காதை முழுக்க மூடும் ஹெட்போனும் வாங்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் நான் சரிசெய்து தருவேன். கேட்காமல் போன பேச்சை எந்த எடிட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.